சியோல் நடுவில் ஓடும் சொங்கெசொன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் கொரியத் தலைநகர் சியோலின் நட்ட நடுவில் ஒரு மேம்பாலச் சாலையை இடித்துவிட்டு, அதற்கு அடியில் மூடிக்கிடந்த ஓடையைத் திறந்தார்கள். 2003இல் தொடங்கி 2005இல் முடிந்த வேலை. நகரமைப்பு பற்றிப் பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் இதை உதாரணம் காட்டிவிடுவார். கேட்பவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

சொங்கெசொன் என்றால் என்ன பொருள்?

தெளிந்த ஓடை என்று பொருள். கொரிய உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் முழுதாகப் பிடிக்க முடியாது. இது ஏறத்தாழ வரும். சோசன் அரச காலத்தில் இதற்குக் கேசொன் என்று பெயர். அதாவது வெட்டித் திறந்த கால்வாய். எனக்கு அந்தப் பழைய பெயர்தான் பிடித்திருக்கிறது, காரணம் அதில் பொய் இல்லை. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் தேஜோங் காலத்திலேயே ஆள் வைத்து வெட்டி அகலப்படுத்திய ஓடை இது. மழைக்காலத்தில் ஊருக்குள் வெள்ளம் வரும். மற்ற நாட்களில் தண்ணீர் இருந்த இடம் தெரியாது. 1760இல் மன்னர் யோங்ஜோ சுமார் 2 லட்சம் பேரைத் திரட்டி 57 நாள் தூர் வாரினார். ஆக, இந்த ஓடை என்றைக்கும் தானாக, தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் ஏன் மூடினார்கள்?

நாறியது. கொரியப் போருக்குப் பிறகு போக்கிடம் இல்லாமல் வந்தவர்கள் கரையில் பலகைக் குடிசைகள் போட்டுக்கொண்டார்கள். பாதிக் குடிசை கரையில், பாதி தண்ணீருக்கு மேல் கம்புகளில் நிற்கும். கழிவெல்லாம் நேரே கீழே விழும். 1958 முதல் பகுதி பகுதியாகக் கான்கிரீட் போட்டு மூடி, மேலே சாலை ஆக்கினார்கள். பிறகு 1967இல் அதன் மேல் மேம்பாலச் சாலை கட்டத் தொடங்கினார்கள். வளரும் நாட்டின் பெருமை என்று அதைத்தான் அன்றைக்குக் காட்டினார்கள்.

குடிசைவாசிகள் என்ன ஆனார்கள்? இங்கேயும் சுற்றியிருந்த மற்ற குடிசைப் பகுதிகளிலும் இருந்தவர்களை நகரத்துக்கு வெளியே குவாங்ஜு என்ற இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே வேலையும் இல்லை, சரியான தண்ணீர் வசதியும் இல்லை. 1971 ஆகஸ்டில் அந்த மக்கள் பெரும் கலகத்தில் இறங்கினார்கள். அந்த இடம்தான் இன்றைய சொங்னாம் நகரம். ஓடைக்கு என்ன செய்தாலும் அதன் கரையில் இருப்பவன் மூட்டை கட்ட வேண்டும் என்ற கதையின் முதல் அத்தியாயம் இது. இன்னும் இரண்டு இருக்கின்றன.

நல்லா இருந்த மேம்பாலத்தை எதற்கு இடிக்க வேண்டும்?

நன்றாக இல்லை, அதுதான் விஷயம். 1990களின் தொடக்கத்தில் பொறியாளர்கள் சோதித்தபோது எஃகு அரித்துப் போயிருந்தது. மூடிய ஓடையிலிருந்து கிளம்பிய வாயுவுக்கும் அதில் பங்கு உண்டு. பழுது பார்க்க 10,000 கோடி வோன் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். 1997 முதல் கனரக வண்டிகளுக்குத் தடை.

இன்னொன்றும் உண்டு. 1994இல் ஹான் ஆற்றின் மேல் சொங்சு பாலம் இடிந்து 32 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே சாம்பூங் வணிக வளாகம் சரிந்து 502 பேர் போனார்கள். அவசர அவசரமாகக் கட்டிய கான்கிரீட்டின் மேல் சியோல்காரர்களுக்கு அப்போது பயம் பிடித்திருந்தது. பசுமை, சுற்றுச்சூழல் என்றெல்லாம் பிறகு எழுதினார்கள். மக்கள் சம்மதித்ததற்கு இந்தப் பயமும் காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

யாருடைய யோசனை?

பேராசிரியர்கள் சிலர் 1990களிலேயே பேசத் தொடங்கிவிட்டார்கள். நாவலாசிரியர் பாக் கியோங்னி ஆதரவாக எழுதினார். அதைத் தேர்தல் வாக்குறுதி ஆக்கியவர் லீ மியுங் பாக். ஹூண்டாய் கட்டுமான நிறுவனத்தில் சேர்ந்து அதன் தலைமை வரை உயர்ந்தவர். 2002இல் மேயர் ஆனார். வாழ்நாள் முழுக்கக் கான்கிரீட் போட்டவர் கான்கிரீட்டை உடைக்கிறேன் என்று வந்தது விசித்திரம்தான். ஆனால் உடைப்பதும் ஒரு கட்டுமான வேலைதானே. நாள் குறித்து, ஒப்பந்தம் விட்டு, முடித்துக் காட்டுவது அவருக்குக் கைவந்த கலை.

உண்மையிலேயே 27 மாதத்தில் முடித்தார்களா?

ஆமாம். 2003 ஜூலை 1 அன்று தொடக்கம், 2005 அக்டோபர் 1 அன்று திறப்பு. நீளம் சுமார் 5.8 கிலோமீட்டர், பாலங்கள் 22, செலவு ஏறத்தாழ 38,600 கோடி வோன். மூன்று பகுதிகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் வேலை நடந்தது. மேயரின் பதவிக்காலம் நான்கு ஆண்டு. அதற்குள் ரிப்பன் வெட்ட வேண்டும். இந்தக் கெடு வைத்துத்தான் எல்லாமே முடிவானது. வேகமாக முடிந்ததற்கும் கெடுதான் காரணம், அரைகுறையாக விட்டவற்றுக்கும் கெடுதான் காரணம்.

கடைக்காரர்கள் சும்மா விட்டார்களா?

விடவில்லை. ஓடையை ஒட்டிய பகுதியில் சுமார் 60,000 கடைகள். துணி, செருப்பு, விளக்கு, மோட்டார், பழைய புத்தகம் என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு. 'சொங்கெசொன்னை ஒரு சுற்று சுற்றினால் நீர்மூழ்கிக் கப்பலே செய்துவிடலாம்' என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. சாமான் ஏற்றி இறக்க வண்டி வந்தால்தான் இந்த வியாபாரமெல்லாம் ஓடும். மேம்பாலத்தை எடுத்து, கீழே இருந்த சாலையையும் எடுத்து, இரண்டு ஓரத்திலும் இரண்டு வழித்தடம் மட்டும் விடுகிறேன் என்றால் யாருக்குக் கோபம் வராது?

மாநகராட்சி செய்த புத்திசாலித்தனம், பேசியது. 4,000 தடவைக்கு மேல் பேச்சுவார்த்தை நடந்ததாகக் கணக்கு. சங்கத் தலைவர்களோடு உட்கார்ந்தார்கள், கடை கடையாகவும் போனார்கள். வேலை நடக்கும்போது சத்தமும் தூசியும் குறைய ஏற்பாடு, வண்டி நிறுத்த இடம், சாமான் ஏற்ற இடம், கடன் உதவி என்று சலுகைகள் தந்தார்கள். வியாபார நஷ்டத்துக்கு நேரடியாகப் பணமாக ஈடு கிடையாது என்பதில் மட்டும் கடைசி வரை இறங்கவில்லை.

இடம் மாற விரும்பியவர்களுக்கு நகரின் தென்கிழக்கே முன்ஜோங் பகுதியில் 'கார்டன் ஃபைவ்' என்ற மாபெரும் வளாகம் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். அது திறந்தது 2010இல். வேலை முடிந்தே ஐந்து வருடம் ஆகியிருந்தது. கடையின் விலையும் சொன்னதைவிட எகிறிவிட்டது. போகிறேன் என்று பதிந்தவர்களில் பெரும்பாலோர் போகவே இல்லை. போனவர்களிலும் பலர் நிலைக்கவில்லை. ஒரு தெரு முழுக்க மோட்டார் கடை இருப்பதால்தான் மோட்டார் வாங்குபவன் அந்தத் தெருவுக்கு வருகிறான். அதில் பத்துக் கடையைப் பெயர்த்து 15 கிலோமீட்டர் தள்ளி மாடியில் வைத்தால் யார் வருவார்கள்?

நடைபாதை வியாபாரிகள்?

இவர்களோடு பேச்சு அவ்வளவு நீளவில்லை. கடைக்காரனிடம் பத்திரம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. தரையில் விரித்து விற்பவனிடம் தார்ப்பாய்தான் இருக்கிறது. 2003 நவம்பர் கடைசியில் போலீஸையும் ஆட்களையும் இறக்கி அப்புறப்படுத்தினார்கள். அதில் பெரிய கூட்டம் ஹ்வாங்ஹாக் பழைய சாமான் சந்தைக்காரர்கள்.

பழைய தோங்தேமுன் விளையாட்டரங்கத்தின் மைதானத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். ஓட்டப்பந்தயத் தடம் போட்டிருந்த இடத்தில் பழைய ரேடியோ, ராணுவ பூட்ஸ், உடைந்த கடிகாரம் எல்லாம் பரப்பி வியாபாரம் நடந்தது. கூட்டமும் வந்தது. சரி, இனி பிழைத்துக்கொள்வார்கள் என்று பார்த்தால், அந்த அரங்கத்தையே இடித்து சஹா ஹதீத் வடிவமைத்த தோங்தேமுன் டிசைன் பிளாசாவைக் கட்ட முடிவெடுத்தார்கள். 2008இல் மறுபடியும் மூட்டை கட்டி சின்சொல் பகுதிக்குப் போனார்கள். ஐந்தே வருடத்தில் இரண்டு தடவை. இரண்டுமே உலகம் பாராட்டிய திட்டங்களுக்காக.

அவ்வளவு வண்டிகள் எங்கே போயின?

மேலும் கீழுமாக ஒரு நாளைக்கு 1,68,000 வண்டி ஓடிய வழி. மூடினால் நகரமே ஸ்தம்பிக்கும் என்றார்கள். அப்படி நடக்கவில்லை. இதை வைத்துச் 'சாலையை எடுத்தால் நெரிசல் குறையும்' என்று பலர் மந்திரம் போலச் சொல்வதுண்டு. அவர்கள் விட்டுவிடும் ஒரு தேதி 2004 ஜூலை 1. அன்றைக்குத்தான் சியோல் தன் பேருந்து முறை முழுவதையும் மாற்றியது. பெரிய சாலைகளில் நடுவில் பேருந்துக்குத் தனித் தடம், நிறம் வைத்து வழித்தடப் பிரிவு, பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் ஒரே அட்டை, தூரத்துக்கு ஏற்ற கட்டணம். முதல் சில நாள் அட்டை இயந்திரங்கள் மக்கர் செய்து ஒரே குழப்பம். மேயர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. பிறகு ஒழுங்குக்கு வந்தது. ஆக, சாலையை எடுத்தார்கள், கூடவே வேறு வழியும் கொடுத்தார்கள். பின்பாதியை மறந்துவிட்டு முன்பாதியை மட்டும் காப்பி அடித்தால் அடி விழும்.

ஓடையில் ஓடுவது எந்தத் தண்ணீர்?

பம்ப் செய்த தண்ணீர். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,20,000 டன். பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து, குழாய் வழியாக மேல்முனைக்கு ஏற்றி அங்கிருந்து விடுவது. மீதி, மெட்ரோ நிலையங்களின் அடியில் ஊறும் நிலத்தடி நீர். சுமார் 40 சென்டிமீட்டர் ஆழம் எப்போதும் இருக்கும்படி கணக்குப் பார்த்து விடுகிறார்கள். மின்சாரம் நின்றால் ஓடை நின்றுவிடும்.

எதிர்ப்பாளர்கள் இதைத்தான் 'கான்கிரீட் மீன்தொட்டி' என்கிறார்கள். மலையிலிருந்து வந்த பழைய கிளை ஓடைகளை இணைத்திருக்க வேண்டும், அதற்குப் பெயர்தான் மீட்பு, இது அலங்கார நீரூற்று என்பது அவர்கள் வாதம். பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்குத்தான் அந்தப் பழைய பெயரை நினைவில் வைக்கச் சொன்னேன். ஆண்டு முழுக்கத் தெளிந்த தண்ணீர் ஓடிய ஒரு சொங்கெசொன் வரலாற்றில் இருந்ததே இல்லை. 2005இல் திறந்தது புது ஓடை. 'மீட்டோம்' என்று சொன்னதால் வந்த சண்டை இது. 'கட்டினோம்' என்று சொல்லியிருந்தால் பாதிச் சண்டை இருந்திருக்காது.

மழை வந்தால்?

ஓடையோரம் இருக்கும் ஆட்களை வெளியேற்றுவார்கள். கரைச்சுவரின் கீழ்ப்பக்கம் வரிசையாக இரும்பு மதகுக் கதவுகள் இருப்பதைப் பார்க்கலாம். பலர் அதை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோவார்கள். கழிவுநீர் இப்போதும் இரு கரையின் அடியில் பெட்டிக் கால்வாய்களில்தான் ஓடுகிறது. மழைநீரும் அதிலேயே கலக்கும். பலத்த மழை பெய்து கால்வாய் நிறைந்தால் கதவுகள் தள்ளித் திறந்து, எல்லாம் ஓடைக்குள் வந்து விழும். நிமிடக் கணக்கில் தண்ணீர் ஏறும். அதனால் தூறல் வலுத்ததுமே ஒலிபெருக்கியில் அறிவித்துப் படிக்கட்டுகளை மூடிவிடுவார்கள். சில பெருமழைகளுக்குப் பிறகு மீன்கள் செத்து மிதந்ததும் உண்டு.

வெயில் குறைந்தது, பறவைகள் வந்தன என்பது உண்மையா?

உண்மை. பக்கத்து இணைச்சாலையைவிட ஓடையோரம் 3.3 முதல் 5.9 டிகிரி வரை குளுமை என்று அளந்திருக்கிறார்கள். மேம்பாலம் இருந்தபோது 4 ஆக இருந்த மீன் இனங்கள் 25 ஆயின, 6 ஆக இருந்த பறவை இனங்கள் 36 ஆயின. மீன்கள் எல்லாம் தானாக நீந்தி வந்தவையா என்ற சந்தேகத்தை உள்ளூர்ச் செய்தியாளர்களும் கிளப்பினார்கள்.

பழைய பாலங்களை என்ன செய்தார்கள்?

பொதுமக்கள் தரப்பிலிருந்து மிகக் கசப்பான சண்டை வந்தது இதில்தான். தோண்டத் தோண்டப் பழைய கரைக்கற்களும் பாலத்தின் அடிக்கற்களும் வெளிவந்தன. நின்று, ஆராய்ந்து, இருந்த இடத்திலேயே பாதுகாக்க வேண்டும் என்றார்கள் அறிஞர்கள். கெடு அதற்கு இடம் தரவில்லை. திட்டத்துக்காக மாநகராட்சியே அமைத்த குடிமக்கள் குழுவின் உறுப்பினர்கள் 2004இல் வெறுத்துப்போய் விலகினார்கள்.

குவாங்தோங் பாலத்தின் கதையைக் கேளுங்கள். 1410இல் மண்பாலம் வெள்ளத்தில் அடித்துப்போகவே, தேஜோங் கல்பாலம் கட்டச் சொன்னார். கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? அவருடைய மாற்றாந்தாய் சின்தோக் அரசியின் கல்லறையிலிருந்து. பட்டத்துக்கு யார் என்ற போட்டியில் தன் மகனை முன்னிறுத்தியவர் அவர்; தேஜோங்கின் பகை செத்த பிறகும் தீரவில்லை. ஊரே மிதித்துப் போகட்டும் என்று கல்லறைக் கற்களைப் பாலத்தின் தாங்குசுவரில் வைத்தார்கள். மேகமும் தேவர்களும் செதுக்கிய அந்தக் கற்களில் சில தலைகீழாக இருக்கின்றன. மண்ணுக்குள் மூடிக்கிடந்ததால் செதுக்கல்கள் இன்னும் கூர்மையாகத் தெரிகின்றன. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று இந்தப் பாலத்தை அதன் இடத்திலிருந்து சுமார் 150 மீட்டர் மேலே தள்ளி வைத்தார்கள். சுப்யோ பாலத்தின் கதி வேறு. 1959இல் ஓடையை மூடியபோது பெயர்த்தெடுத்த மூலப் பாலம் சாங்சுங்தான் பூங்காவில் இருக்கிறது. ஓடையில் இருப்பது அதே பெயரில் வேறொன்று.

ஊழல் எதுவும்?

நடந்தது. ஓடையோரக் கட்டடங்களின் உயர வரம்பைத் தளர்த்துவது தொடர்பாகக் கட்டுமானக்காரரிடம் பணம் வாங்கிய வழக்கில் துணை மேயர் ஒருவர் 2005இல் கைதாகித் தண்டிக்கப்பட்டார். திறப்பு விழாவுக்குச் சில மாதங்களே இருந்தன.

கடைசியில் மக்களுக்குப் பிடித்ததா, பிடிக்கவில்லையா?

பிடித்தது. இதில் மழுப்ப ஒன்றுமில்லை. திறந்து இரண்டு மாதத்துக்குள் ஒரு கோடிப் பேர் வந்து பார்த்தார்கள். மதிய இடைவேளையில் அலுவலகக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் நனைத்து உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைகள் நடைக்கற்களில் தாவுவார்கள், பின்னால் பாட்டி கத்திக்கொண்டே வருவார். தெருமட்டத்திலிருந்து சில படிகள் இறங்கினாலே வண்டிச் சத்தம் அடங்கிவிடுகிறது. அத்தனை நெருக்கமான நகரத்தில் காசு கேட்காமல் உட்கார ஓர் இடம் கிடைப்பது சின்ன விஷயமா?

மேயர் இந்தப் புகழோடு 2008இல் அதிபரானார். அதே ஆண்டு மே மாதம், அமெரிக்க மாட்டிறைச்சி இறக்குமதிக்கு எதிராக மெழுகுவர்த்தியோடு ஜனங்கள் கூடிய இடம் அவர் கட்டிய சொங்கெ சதுக்கமேதான். பொது இடம் ஒன்றைக் கட்டிவிட்டால் அப்புறம் அது கட்டியவர் சொல் கேட்காது.

திருப்தி இல்லாதவர்களும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் திறப்பின்போதே போராடினார்கள்: மேலே நடைபாதை 1.5 மீட்டர்தான், அதிலும் மரத்தை நட்டுவிட்டார்கள், சக்கர நாற்காலி எப்படிப் போகும்? தொடக்கத்தில் நிற்கும் 20 மீட்டர் உயரச் சங்குச் சிற்பம் இன்னொரு சர்ச்சை. கிளாஸ் ஓல்டன்பர்க்கும் கோஷே வான் பிரகனும் செய்தது, 2006இல் வைத்தார்கள். ஓடைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று உள்ளூர்க் கலைஞர்கள் அன்றைக்குக் கேட்டார்கள். எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை.

ஓடையைச் சுற்றி இப்போது எப்படி?

நிலத்தின் விலை ஏறியது, உயரமான கட்டடங்கள் வந்தன. ஓடைக்குத் தெற்கே உல்ஜிரோவில் கடைசல் பட்டறைகளும் வார்ப்படக் கூடங்களும் இருந்த சந்துகளை 2018 கடைசியில் இடிக்கத் தொடங்கியபோது பட்டறைக்காரர்களும் அங்கே வேலை வாங்கிப் பழகிய இளம் கலைஞர்களும் சேர்ந்து போராடினார்கள். அப்போதைய மேயர் மறுபரிசீலனை என்றார். ஆனாலும் பல சந்துகள் போய்விட்டன. மூட்டை கட்டும் கதையின் மூன்றாம் அத்தியாயம் இது.

நம்ம கூவத்தை இப்படி ஆக்க முடியாதா?

இதைக் கேட்காத தமிழரை நான் இன்னும் பார்க்கவில்லை. கூவம் வேறு ஜாதி. அது கடலில் சேரும் ஆறு. முகத்துவாரத்தில் மணல் அடைக்கும், வழிநெடுகக் கழிவுநீர் சேரும். சியோலில் ஓடையைத் திறக்கும் முன்பே கழிவுநீருக்குத் தனிக் கால்வாய் இருந்தது. அந்த வேலையை முடிக்காமல் கரையில் கல் பதித்தால், நாற்றத்தின் ஓரம் நல்ல நடைபாதை கிடைக்கும், அவ்வளவுதான். ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு ஊரும் ஒன்று: கூவக் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனவர்களிடம் குவாங்ஜு கதையைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

போனால் எதைப் பார்க்க வேண்டும்?

சதுக்கத்து அருவியில் எல்லோரும் படம் எடுப்பார்கள், எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் குவாங்தோங் பாலம். அதன் அடியில் நின்று தலைகீழ்க் கற்களைத் தேடுங்கள்.

அப்படியே கிழக்கே நடந்தால் துணிச்சந்தைகள் வரும். அங்கே ஒரு பாலத்தின் மேல் ஓர் இளைஞனின் மார்பளவு சிலை இருக்கும். ஜொன் தே இல், தையல் தொழிலாளி. இடுப்பு நிமிர்த்த முடியாத உயரத்தில் இருந்த தையல் கூடங்களில் சின்னப் பெண்கள் வேலை செய்ததைப் பார்த்து, தொழிலாளர் சட்டத்தை மதியுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்தவர். 1970 நவம்பர் 13 அன்று 'நாங்கள் இயந்திரங்கள் அல்ல' என்று முழங்கியபடி தீக்குளித்தார். வயது 22.

இன்னும் கீழே போனால், வேலை மெனக்கெட்டு இடிக்காமல் விட்ட மேம்பாலத் தூண்கள் மூன்று தண்ணீருக்குள் நிற்கும். மேலே சாலை இல்லை, வெட்டிய முனை மட்டும். அந்தப் பக்கம் கல் குறைந்து நாணல் வளர்ந்திருக்கும், கூட்டமும் இருக்காது. கொக்கு நின்றால் கிட்டப் போகாதீர்கள், தூண் நிழலில்தான் அது மீன் பிடிக்கும்.